கல்யாணம் ஆகாத குடும்பஸ்தர்!

ஜிம் கார்பெட் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகத்துக்கு வரும்? காக்கி அரை டிரவுசர், தலையில் தொப்பி, கையில் ரைஃபிள், காலடியில் செத்துக் கிடக்கும் ஒரு புலி. அவ்வளவுதானே?

அந்த போட்டோவில் விழாத விஷயம் ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்தபோது அந்த மனுஷர் நம்மைப் போல ஒரு மாசச் சம்பளக்காரர்! பிறந்த ஊரை விட்டு நூற்றுக்கணக்கான மைல் தள்ளி உத்தியோகம். ஒண்டிக்கட்டை வாழ்க்கை. சம்பளம் கைக்கு வந்ததும் அம்மாவுக்கும் அக்காமார்களுக்கும் பணம் அனுப்ப வேண்டும். லீவு கிடைத்தால் ஊருக்கு ரயில் ஏற வேண்டும். திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கி ஊருக்கு மணியார்டர் அனுப்பிய நம்ம பிரம்மசாரிகளின் கதையேதான். ஒரு சின்ன வித்தியாசம்... நாம் ஊருக்குப் போனால் டூரிங் டாக்கீஸுக்குப் போவோம். அவர் ஆட்கொல்லிப் புலியைத் தேடிப் போனார்!

1875 ஜூலை 25-ல் பிறந்து, 1955 ஏப்ரல் 19-ல், எண்பது வயது நிறைய மூன்று மாதம் இருக்கும்போது காலமான கார்பெட், கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனாலும் அவரைப் போன்ற ஒரு குடும்பஸ்தரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

அதெப்படி என்கிறீர்களா? முதலிலிருந்து வருவோம்.

போஸ்ட் மாஸ்டர் வீட்டு எட்டாவது பிள்ளை

இமயமலை அடிவாரத்தில், இன்றைய உத்தராகண்டில் இருக்கிறது குமாயுன் பிரதேசம். அங்கே ஒரு ஏரியைச் சுற்றி அமைந்த மலையூர் நைனிடால். நம்ம ஊட்டி மாதிரி, வெயிலுக்குப் பயந்த வெள்ளைக்காரர்கள் உருவாக்கிக்கொண்ட ஊர். அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர் கிறிஸ்டோபர் கார்பெட்டின் எட்டாவது பிள்ளைதான் ஜிம்.

அம்மா மேரி ஜேனுக்கு அது இரண்டாவது கல்யாணம். முதல் கணவர், 1857-ல் மூண்ட கிளர்ச்சியின்போது கொல்லப்பட்டவர். கிறிஸ்டோபரும் மனைவியை இழந்தவர். இரண்டு பேருமே பழைய பிள்ளைகளோடு வந்து சேர்ந்து, புதிதாகவும் பெற்றுக்கொண்டார்கள். அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். தினமும் கல்யாணப் பந்திதான்!

1881-ல் கிறிஸ்டோபர் இறந்துபோனார். ஜிம்முக்கு அப்போது ஆறு வயதுகூட நிறையவில்லை.

இரண்டாம் முறையாக விதவையான மேரி ஜேன் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. கோடைக்கு நைனிடால் வரும் துரைமார்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் தொழிலில் இறங்கிவிட்டார். அந்த ஊரின் முதல் வீட்டு புரோக்கரே அந்த அம்மாள்தான் என்கிறார்கள். மூத்த அண்ணன் டாம், அப்பா உட்கார்ந்த போஸ்ட் மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். வண்டி ஓடியது.

கோடையில் நைனிடால். குளிர்காலத்தில் மலைக்குக் கீழே காட்டோரம் இருக்கும் காலாடூங்கி. ஜிம்மின் நிஜமான பள்ளிக்கூடம் இந்தக் காலாடூங்கிக் காடுதான். நிமோனியாவில் படுத்து எழுந்த தம்பிக்கு அண்ணன் டாம் ஒரு உண்டிவில் கொடுத்தார். அப்புறம், குமாயுன் பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், தனக்குப் பறவைகள் கொண்டுவந்து கொடுத்த பையனுக்கு ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பரிசாகக் கொடுத்தார். வலது குழல் வெடித்துப் பிளந்திருந்தது. கட்டையும் குழலும் கழன்று விழாமல் இருக்கப் பித்தளைக் கம்பி சுற்றியிருந்தது. அதனாலென்ன? தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? பையனுக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்காது!

கணக்கில் மிச்சம்

இன்ஜினீயராக வேண்டும் என்று ஜிம்முக்கு ஆசை. வீட்டில் காசு இல்லை. பதினெட்டு வயதை நெருங்கும்போது படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு பெங்கால் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயில் சேர்ந்தார். ‘எரிபொருள் இன்ஸ்பெக்டர்’ என்று பெயர். தற்காலிக உத்தியோகம். அந்தக் காலத்தில் இன்ஜின்கள் விறகில் ஓடின. காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்கி, ஆட்களை வைத்து மரம் வெட்டி, இன்ஜினுக்கு விறகு சப்ளை செய்ய வேண்டும்.

வேடிக்கையைப் பாருங்கள். பிற்காலத்தில் காட்டைக் காப்பாற்ற ஊர் ஊராகப் போய்ப் பேசிய மனிதர், முதல் சம்பளம் வாங்கியது மரம் வெட்டி!

வேலை முடிந்தது. கணக்கு ஒப்படைக்கும் நாள் வந்தது. செலவு போகக் கையில் கொஞ்சம் பணம் மிஞ்சியிருந்தது. யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டாலும் கணக்கில் எங்கேயாவது சொருகிவிடலாம். வீட்டிலோ கஷ்டம். ஜிம் அந்தப் பணத்தைக் கொண்டுபோய் ஆபீஸில் அப்படியே கொடுத்தார்.

அந்தக் காலத்து ரயில்வே கான்ட்ராக்டில் பணம் மிஞ்சியது என்று ஒருவன் தானாக வந்து சொல்வது அபூர்வம். மேலதிகாரிகள் பையனைக் குறித்து வைத்துக்கொண்டார்கள். 21 வயதில் அவருக்கு அடுத்த வேலை வந்தது. பீகாரில், கங்கைக் கரையில் இருக்கும் மோகாமா காட்!

சுவர் இல்லாத பள்ளிக்கூடம்

எழும்பூரில் மீட்டர் கேஜ், சென்ட்ரலில் பிராட் கேஜ் என்று இருந்த காலம் ஞாபகமிருக்கிறதா? மோகாமா காட்டிலும் அதே தொல்லை. ஒரு கம்பெனியின் தண்டவாளம் அகலம், இன்னொன்றுடையது குறுகல். நடுவில் கங்கை வேறு. இந்தப் பக்கத்து வேகனில் வந்த மூட்டையை எல்லாம் இறக்கி அந்தப் பக்கத்து வேகனில் ஏற்ற வேண்டும். கிரேன் கிடையாது. எல்லாம் மனுஷன் தலையும் தோளும்தான். வருஷத்துக்கு லட்சக்கணக்கான டன்!

முன்னால் இருந்தவர்கள் சமாளிக்க முடியாமல் விட்டுப்போன வேலை. ஷெட் நிரம்பி வழிந்தது. ஜிம் ஆட்களைச் சேர்த்தார். மேஸ்திரி மாதிரி ஓரமாக நின்று கத்தவில்லை. அவரும் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு கரி தள்ளினார். விடிவதற்கு முன் ஆரம்பித்தால் இருட்டிய பிறகுதான் ஓய்வு.

முதல் மூன்று மாதம் ஒரு சோதனை. ரயில்வே கணக்கு ஆபீஸிலிருந்து கூலிப் பணம் ஒழுங்காக வரவில்லை. (கணக்கு ஆபீஸ்கள் எந்தக் காலத்திலும் கணக்கு ஆபீஸ்கள்தான்!) ஆட்கள் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இறங்கினார்கள். ஜிம்மும், ஸ்டேஷன் மாஸ்டர் ராம் சரணும் தங்கள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். யாரும் வேலையை விட்டுப் போகவில்லை. கடைசியில் ஜிம், ‘பணம் கிளம்பியது என்று தகவல் வராவிட்டால் இன்றோடு வேலை நிற்கும்’ என்ற கருத்தில் ஒரு தந்தி கொடுத்தார். பணம் பறந்து வந்தது.

அடுத்து ராம் சரணும் ஜிம்மும் சேர்ந்து கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். உடனே வந்தது ஜாதித் தகராறு. மேல்ஜாதிப் பையனும் கீழ்ஜாதிப் பையனும் ஒரே கட்டடத்துக்குள் உட்காரக் கூடாதாம்! ராம் சரண் யோசித்தார். கட்டடத்தின் சுவர்களை எடுத்துவிட்டார். கூரை மட்டும்தான் பாக்கி. இப்போது அது கட்டடம் இல்லை, வெறும் கொட்டகை. கொட்டகையில் உட்காரத் தடை இல்லையே! இருபது பையன்களோடு ஆரம்பித்த பள்ளியில் பிறகு இருநூறு பேர் படித்தார்கள். சர்க்கார் ராம் சரணுக்கு ‘ராய் சாஹிப்’ பட்டமும் கொடுத்தது.

கரி தள்ளிய புத்து என்ற தொழிலாளியின் கதையைக் கார்பெட்டே எழுதியிருக்கிறார். புத்துவின் தாத்தா எப்போதோ வட்டிக்காரரிடம் வாங்கிய கடன் இரண்டு ரூபாய். மூன்று தலைமுறையாகக் கட்டியும் தீராமல் நூற்றுக்கணக்கில் வளர்ந்து நின்றது அந்த இரண்டு ரூபாய்! விஷயம் தெரிந்ததும் ஜிம் பணத்தைக் கட்டிப் பத்திரத்தை மீட்டுக் கொடுத்தார். வியாபாரத்தில் எல்லாம் இழந்து, காலராவில் சாகக் கிடந்த ஒரு லாலாஜியைத் தன் வீட்டில் வைத்துப் பிழைக்க வைத்து, தன்னிடம் இருந்த 500 ரூபாயையும் தூக்கிக் கொடுத்தார். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. லாலாஜி திரும்பி வந்து பணத்தைக் கொடுத்தார். ஜிம் வட்டி வாங்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் நைனிடாலுக்குப் பணம் போவது மட்டும் நிற்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் மோகாமா காட்தான் அவருடைய ‘மேன்ஷன்’.

தாசில்தார் கண்ணை மூடிக்கொண்டார்!

1907. ஜிம் நைனிடாலுக்கு வந்திருந்தார். அப்போது ஒரு பெண் புலி குமாயுனைக் கதிகலங்க வைத்துக்கொண்டிருந்தது. நேபாளத்தில் 200 பேரைக் கொன்று, அங்கே விரட்டப்பட்டு இந்தப் பக்கம் வந்து, இங்கே 234 பேரை முடித்திருந்தது. மாவட்ட அதிகாரி பெர்த்தூட், ஜிம்மைக் கூப்பிட்டுக் கேட்டார்.

ஜிம் இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, புலிக்கு அறிவித்த பரிசுப் பணத்தை வாபஸ் வாங்க வேண்டும். இரண்டு, மற்ற வேட்டைக்காரர்களை வெளியேற்ற வேண்டும். பணத்துக்காகச் சுடுகிறவன் என்ற பெயர் வேண்டாம். பின்னாலிருந்து யாராவது பதற்றத்தில் தன்னைச் சுட்டுவிடவும் வேண்டாம். நியாயம்தானே?

பாலி என்ற கிராமத்துக்குப் போனார். ஐந்து நாளாக யாரும் கதவைத் திறக்கவில்லை. வயலில் கோதுமை முற்றி நின்றது. அன்று ராத்திரி நிலா வெளிச்சத்தில், ஊருக்கு வெளியே ரோட்டோரம் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார் ஜிம். இந்த இடத்தில் நம் சினிமா ஹீரோ என்றால் மீசையை முறுக்குவார். ஜிம் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? குளிரிலும் பயத்திலும் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டதாம்! காலையில் அவருடைய ஆட்கள் வந்து பார்த்தபோது முழங்காலில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் அவர் செய்த காரியம்தான் முக்கியம். துப்பாக்கியோடு வயலில் காவல் நின்று, ஊர்க்காரர்களைக் கோதுமை அறுக்கச் சொன்னார். புலி பிறகு, முதலில் சோறு!

கடைசி மோதல் சம்பாவத் என்ற ஊரில். ஒரு சின்னப் பெண்ணை அடித்து இழுத்துக்கொண்டு மலைச்சரிவில் மறைந்தது புலி. அதை அங்கிருந்து கலைத்து விரட்ட ஆள் வேண்டும். சம்பாவத் தாசில்தார் அதற்கு ஒரு வேலை செய்தார். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி யார் வைத்திருந்தாலும் தான் பார்க்கப் போவதில்லை, மருந்தும் தானே தருகிறேன் என்று செய்தி பரவவிட்டார். மறுநாள் திரண்டது 298 பேர்! வந்த துப்பாக்கிகளைப் பார்த்தால் ஒரு மியூஸியமே வைக்கலாம்.

சத்தமும் வெடியும் கிளம்ப, புலி ஓடிவந்தது. ஜிம்மிடம் இருந்ததே மூன்று தோட்டா. மூன்றும் தீர்ந்தும் புலி சாகவில்லை. அடிபட்டு நின்றுகொண்டிருந்தது. ஜிம் மலையேறி ஓடி, தாசில்தார் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி ஓடினார். பக்கத்தில் வந்த பிறகுதான் கவனித்தார், அந்தத் துப்பாக்கியின் குழலுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே பெரிய இடைவெளி! சுட்டால் யார் சாவார்கள் என்றே சொல்ல முடியாது. வாயைக் குறி வைத்துச் சுட்டார். குண்டு காலில் பட்டது. ஏற்கெனவே முடியும் நிலையில் இருந்த புலி சாய்ந்தது. கடைசிப் பெண்ணோடு சேர்த்து அது கொன்றவர்கள் 436 பேர் என்று கணக்கு.

புலியின் வாயைத் திறந்து பார்த்த ஜிம் திகைத்துப்போனார். வலது பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. எப்போதோ எவனோ சுட்ட குண்டு. பல் போன புலியால் மான் பிடிக்க முடியவில்லை. மெதுவாக ஓடும் மனுஷனைப் பிடித்தது. 436 உயிர்களுக்குக் காரணம், ஒரு மனுஷனின் அரைகுறைக் குறி!

அந்தத் தோலை எடுத்துக்கொண்டு வழியில் ஒரு வீட்டுக்குப் போனார். அங்கே ஒரு பெண், தன் சகோதரியைப் புலி தூக்கிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்த அதிர்ச்சியில் பேச்சே வராமல் இருந்தாள். ஜிம் தோலை விரித்துக் காட்டினார். அவள் கூவிக் கொண்டே ஓடி, ஊரைக் கூப்பிட ஆரம்பித்தாள். பேச்சு வந்துவிட்டது!

பத்ரி போகிறவர்களுக்கு

பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரை போய் வந்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், ருத்ரப்ரயாகை என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். தெரிந்திருக்கும். அந்தப் பாதையில் 1918 முதல் 1926 வரை எட்டு வருஷம் ஒரு சிறுத்தை 125 பேரைக் கொன்றது. பொழுது சாய்ந்தால் யாத்ரீகர் சத்திரங்களில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது.

1925-ல் அதைத் தேடிப் போன ஜிம் பல வாரம் அலைந்து, உடம்பு ஓய்ந்து திரும்பினார். அப்படியே விட்டிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்த வருஷம் மறுபடி போனார். குலாப்ராய் என்ற இடத்தில் ஒரு மாமரத்தின் மேல் ராத்திரி ராத்திரியாகக் காத்திருந்து, 1926 மே மாத ஆரம்பத்தில் அதைச் சாய்த்தார். அப்போது அவருக்கு வயது 50. அந்த இடத்தில் இன்று ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது.

இப்படி 1907 முதல் 1938 வரை 31 வருஷம். கடைசியாகச் சுட்ட ஆட்கொல்லி, தாக் என்ற கிராமத்துப் பெண் புலி. பொழுது சாயும் நேரம், ஒரு பாறையை ஒட்டி நின்றுகொண்டு ஆண் புலியைப் போலக் குரல் கொடுத்து அதை வரவழைத்தார். வயது 63. நம்ம ஆபீஸில் அந்த வயதில் பென்ஷன் வாங்க ஆரம்பித்திருப்போம்!

துளிகள்... துளிகள்...

* மலைக்காரர்கள் வாயில் கார்பெட் என்ற பெயர் ‘கார்ப்பெட் சாஹிப்’ ஆகிவிட்டது. தரைவிரிப்புதான்! அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

* அவருடைய ஆருயிர் வேட்டைத் துணை ராபின் என்ற நாய். விலை 15 ரூபாய். வாங்கியபோது அதன் பெயர் பிஞ்சா.

* 1917-ல் குமாயுனில் 500 பேரைத் திரட்டி பிரான்ஸ் போர்முனைக்கு அழைத்துப் போனார். ஒரே ஒருவரைத் தவிர அத்தனை பேரையும் திருப்பிக் கூட்டிவந்து வீட்டில் ஒப்படைத்தார்.

* 1944-ல் அவர் எழுதிய முதல் பெரிய புத்தகம் உலகம் பூராவும் விற்றது. தி.ஜ.ர. மொழிபெயர்ப்பில் ‘குமாயுன் புலிகள்’ என்று தமிழிலும் வந்தது.

* இந்தோ-சீனப் பகுதிப் புலி வகைக்கு 1968-ல் விஞ்ஞானிகள் வைத்த பெயர்: பாந்தெரா டைக்ரிஸ் கார்பெட்டி.

அக்கா மேகி

சரி, கல்யாணம்?

தன் புத்தகங்களில் அவர் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள், ஒன்றிரண்டு இடத்தில் மனம் போனது உண்டு என்றும், அம்மாவுக்கும் அக்கா மேகிக்கும் அதில் இஷ்டமில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். நம்ம ஊருக்குப் புதிய கதையா இது? சம்பாதிக்கிற பிள்ளைக்குக் கல்யாணமானால் மணியார்டர் நின்றுவிடுமோ என்ற பயம் எந்த ஜாதி, எந்த தேசத்து அம்மாவுக்கும் உண்டு. அந்தப் பயத்தைச் சொல்லாமல் இவரைத் தியாகி என்று தூக்கி வைத்தால் அது பாதி உண்மைதான்.

மேகி, ஜிம்மைவிட ஒரு வயது பெரியவர். அவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1924-ல் அம்மா இறந்த பிறகும் அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில்தான். காலாடூங்கி வீட்டு வராந்தாவில் காலையில் மேகியின் ‘டிஸ்பென்சரி’ நடக்கும். காய்ச்சல், வெட்டுக்காயம், கண்வலி என்று வரிசையில் நிற்பார்கள். காசு கிடையாது. தம்பி காட்டில் காப்பாற்றியதைப் போல அக்கா வராந்தாவில் காப்பாற்றினார். வெளியே தெரிந்தது தம்பி பெயர் மட்டும்!

கல் சுவரும் காணாமல் போன குழந்தைகளும்

காலாடூங்கி பக்கத்தில் பாழாகக் கிடந்த ‘சோட்டி ஹல்த்வானி’ என்ற கிராமத்தை வாங்கினார் ஜிம். சுமார் 40 குடும்பங்களைக் குடியமர்த்தினார். காட்டுப்பன்றியும் மானும் பயிரை மேய்ந்தன. ஊரைச் சுற்றித் தன் செலவில் கல் சுவர் எழுப்பினார். அதன் பகுதிகள் இன்றும் நிற்கின்றன. புதுப் பயிர்கள் கொண்டுவந்தார். வேட்டைக்காரன் ஊர் பயிரைக் காப்பாற்றத் துப்பாக்கியை நம்பவில்லை, சுவரை நம்பினான். கவனிக்க வேண்டிய விஷயம்.

காலாடூங்கியில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் எழுதியிருக்கிறார். ஹர்க்வார்-குந்தி என்ற ஏழைத் தம்பதி. மூன்று வயதுப் பையன், இரண்டு வயதுப் பெண் குழந்தை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டும் காட்டில் காணாமல் போய்விட்டன. புலியும் சிறுத்தையும் கரடியும் நடமாடும் காடு. ஊர் தேடியது, போலீஸ் தேடியது. கண்டுபிடித்தால் 50 ரூபாய் பரிசு என்று தண்டோரா போட்டார்கள். 77 மணி நேரம் கழித்து, திங்கட்கிழமை மாலை, மாடு மேய்க்கும் ஒருவர் கண்டுபிடித்தார். ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கின குழந்தைகள்! உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த மனிதர் 50 ரூபாயை வாங்கவில்லை.

காட்டு மிருகங்கள் காரணமில்லாமல் கொல்வதில்லை என்பதற்கு ஜிம் சொல்லும் சாட்சி இது. பல் உடைந்த புலியைப் பார்த்தவர். 77 மணி நேரம் குழந்தைகளைத் தொடாத காட்டையும் பார்த்தவர். இரண்டையும் சேர்த்து யோசித்தால் துப்பாக்கியைப் பிடித்த கை கொஞ்சம் தயங்காதா?

காமிராவைத் தூக்கினார்

தயங்கியது. ஆனால் ஒரே நாளில் ஞானம் வந்துவிடவில்லை. 1930-ல் ஒரு பெரிய ஆண் புலியைச் சுட்டார். ‘பவல்கரின் பிரம்மசாரி’ என்று பெயர் பெற்றது. அது ஆட்கொல்லி இல்லை. அளவுக்காகவே பலரும் ஆசைப்பட்ட புலி. வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது வேட்டைக்கு ஏற்பாடு செய்து கொடுத்ததும் கார்பெட்தான். இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம், சினி காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரையில் மறைந்து உட்கார்ந்து புலிகளைப் படம் பிடித்தார். பள்ளிக்கூடங்களில் போய்ப் பேசினார். புலிக் குரலில் கத்திக் காட்டினால் பிள்ளைகள் கேட்காமல் இருப்பார்களா? 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா, ‘ஹெய்லி நேஷனல் பார்க்’ என்ற பெயரில் ராம்கங்கா நதிக்கரைக் காட்டில் உருவானது. அதற்கு முன்நின்று உழைத்தவர்களில் ஜிம்மும் ஒருவர்.

புதைத்த துப்பாக்கிகள்

1947. நாடு சுதந்திரம் அடைந்தது. ஜிம்முக்கு 72 வயது, மேகிக்கு 73. ஒருவர் போய்விட்டால் இன்னொருவருக்கு யார் துணை என்ற கவலை. உறவுக்காரர்கள் கென்யாவில் இருந்தார்கள். நவம்பர் கடைசியில் நைனிடால் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். போகும் முன் தன் பழைய துப்பாக்கிகள் சிலவற்றை ஜிம் காட்டுக்குள் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார் என்கிறார்கள். சோட்டி ஹல்த்வானி நிலங்கள் அவற்றை உழுதவர்களுக்கே போயின.

கென்யாவில் நியேரி என்ற ஊர். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் கடைசிக் காலத்தில் இருந்த அதே சின்ன வீட்டில் அக்காவும் தம்பியும் குடியேறினார்கள். அங்கே உட்கார்ந்துதான் மோகாமா காட்டையும், ராம் சரணையும், புத்துவையும் பற்றி எழுதினார். 1952-ல் வெளிவந்த அந்தப் புத்தகத்துக்கு அவர் வைத்த பெயர் ‘என் இந்தியா’ என்ற அர்த்தத்தில்.

1952 பிப்ரவரி 5. நியேரி பக்கத்தில் ‘ட்ரீடாப்ஸ்’ என்ற மரவீட்டில் இங்கிலாந்து இளவரசி எலிசபெத் ஒரு ராத்திரி தங்கினார். கூடவே அழைக்கப்பட்டவர் 76 வயது கார்பெட். இளவரசி தூங்க, ஏணிப் பக்கத்தில் ரைஃபிளோடு காவல் இருந்தார். அந்த இரவில்தான் இங்கிலாந்தின் சாண்ட்ரிங்ஹாமில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்தார். மரத்தின் மேல் இருந்த 25 வயதுப் பெண், தனக்கே தெரியாமல் மகாராணி ஆகிவிட்டார்!

மூன்று வருஷம் கழித்து, அந்த மரவீடு பற்றிய புத்தகத்தை எழுதி முடித்த சில நாட்களில், மாரடைப்பில் ஜிம் காலமானார். நியேரி மாதா கோயில் கல்லறையில் புதைத்தார்கள். மேகி 1963 வரை இருந்தார். தம்பி பயந்தது நடந்துவிட்டது. எட்டு வருஷம் அக்கா தனியாகத்தான் இருந்தார்.

இங்கே 1950-களில் ஹெய்லி பூங்காவுக்கு கார்பெட் பெயர் வைத்தார்கள். 1973-ல் ‘புராஜெக்ட் டைகர்’ திட்டம் அங்கேதான் தொடங்கியது. 2006 கணக்கெடுப்பில் இந்தியா பூராவும் 1,411 புலிகள்தான் என்று தெரிந்து எல்லோரும் அதிர்ந்தார்கள். 2022 கணக்குப்படி 3,682. அதில் கார்பெட் காட்டில் மட்டும் 260. நாட்டிலேயே அதிகம்! காலாடூங்கி வீடு இப்போது மியூஸியம். வாசலில் நாய் ராபினின் சமாதிகூட இருக்கிறது.

ஒரு ரேஷன் கார்டு

ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டு, தங்கச்சி கல்யாணம் முடியட்டும், தம்பி படிப்பு முடியட்டும் என்று தன் காரியத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கும் இளைஞர்கள் இன்றைக்கும் நம் ஆபீஸ்களில் உண்டு. அவர்களைப் பார்த்துக் கார்பெட் மாதிரி இருங்கள் என்று சொல்ல மாட்டேன். கல்யாணம் செய்துகொள்ளுங்கள், நன்றாக இருங்கள்!

ஆனால் ஒன்று. கடமை என்று ஆரம்பித்த மணியார்டர், அவரை வறட்டு மனுஷனாக ஆக்கவில்லை. அம்மா, அக்காவுக்கு என்று திறந்த கை, அப்புறம் மூடவே இல்லை. அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

நம்ம சப்ளை ஆபீஸில் கார்பெட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு எழுதினால் எப்படி இருக்கும்? குடும்பத் தலைவர்: ஜிம். மனைவி: இல்லை. குழந்தைகள்: இல்லை. உறுப்பினர்கள்: அம்மா, அக்காமார்கள், மோகாமா காட்டில் கரி தள்ளியவர்கள், பாலி கிராமத்தில் கோதுமை அறுத்தவர்கள், சோட்டி ஹல்த்வானியின் 40 குடும்பங்கள், பதினைந்து ரூபாய் நாய் ஒன்று, எண்ணி முடிக்க முடியாத புலிகள்...

கிளார்க் நிமிர்ந்து பார்த்து, “ஸார், இடம் பத்தாது. இன்னொரு கார்டு எடுக்கட்டுமா?” என்பார்!